காயாத சுவர்

கட்டில்களை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போடுங்கள். மின்சாரம் இனி விடிந்த பிறகுதான் வரும். ஜூன் மாதத்தில் கபோர்காவில் அது போனால் போனதுதான். மின்விசிறி இல்லாமல் எப்படியும் ஒருவரும் தூங்கப்போவதில்லை. அந்தச் செல்பேசியையும் அணைத்துவிடு. வெளிச்சத்தை முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு யாரைப் பயமுறுத்தப் பார்க்கிறாய்?

இது என் நண்பன் எலியோதோரோவின் சித்தப்பாவுக்கு நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்... முடிந்தால்.

இரவு பத்தரை மணி. எல்லையிலிருந்து தெற்கே இறங்குகிற மண்சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. புழுதி மட்டும். அந்தச் சித்தப்பா நபோர் ஓசுனா தன் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு எல் போசோவுக்கு வந்துகொண்டிருந்தான். பிறந்த ஊர்தான். ஆனால் அவன் அங்கே கால் வைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா செத்ததற்கே அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தவன் அவன்.

அவனை வரவழைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. அழைத்தவள் திரான்சித்தோ, கோயில் சாவியை வைத்திருக்கிற கிழவி. ஊரில் மிச்சமிருக்கிற ஒரே அடுப்பு அவளுடையதுதான். நலமா என்றுகூடக் கேட்கவில்லை அவள்.

"டேய் நபோரு, நீ பூசின சுவரு வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. இந்த மழைக்குத் தாங்காது. உங்கம்மா மேலதான் விழப்போகுது. சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்."

விஷயம் இதுதான். எல் போசோவில் இருக்கிற புனிதர் சான் ஹுவானின் கோயில் ஸ்பானியப் பாதிரிமார் காலத்தது. திட்டம் போட்டவர்கள் பாதிரிமார், மண் சுமந்தவர்கள் நம் ஆட்கள். எல்லாம் சுடாத மண்கல். கூரை என்றோ விழுந்துவிட்டது. பாதிரிமார் தங்கம் புதைத்திருக்கிறார்களாம் என்று எவனெவனோ வந்து தரையெல்லாம் குழி தோண்டிப் போட்டான். பீடத்தில் ஆந்தை குடியிருக்கிறது. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அவை நிற்பதற்குக் காரணம் ஒரு பழக்கம். அந்தச் சுவரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மழை தொடங்குவதற்கு முன்னால், சான் ஹுவான் திருநாளுக்கு முதல் நாள், அவரவர் பங்கை அவரவர் வந்து பூச வேண்டும். சலித்த மண், நறுக்கிய கோதுமை வைக்கோல், சப்பாத்திக்கள்ளியை ஊறவைத்த கொழகொழத் தண்ணீர். கரண்டி கூடாது, வெறும் உள்ளங்கைதான். பூசி முடித்ததும் மூலையில், வந்தவர்கள் ஆளுக்கொரு கை பதித்துவிட்டுப் போவார்கள். யார் வந்தார்கள் என்று சான் ஹுவானுக்குத் தெரிய வேண்டுமாம்.

நபோரின் அம்மா எதுவிஹெஸ் குள்ளம். கை எட்டும் உயரம்வரை அவள் பூசுவாள். அதற்கு மேலே தகர உருளையின் மீது ஏறி நின்று நபோர் பூசுவான். எல்லைக்கு வடக்கே டூசான் நகரத்தில் வேலைக்குப் போன பிறகும் வருடம் தவறாமல் வந்தான். வராமல் இருக்க முடியாது. மேலே பூச வேறு ஆள் இல்லை.

டூசானில் அவனுக்கு என்ன வேலை தெரியுமா? பணக்காரர் வீட்டில் நீச்சல் குளம் கட்டுவது. ஒரு சொட்டு ஒழுகாமல் சிமெண்ட் பூசுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அப்படிப்பட்டவனுக்கு ஒரு யோசனை வராமல் இருக்குமா? ஒரு சான் ஹுவான் திருநாளுக்கு வண்டி நிறையச் சிமெண்ட் மூட்டையும் கோழிவலைக் கம்பியும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

"இனிமே நீ மண்ணு பெசைய வேணாம்மா. உன் கை வலிக்கும் நல்லது. நானும் வருஷா வருஷம் வேலையப் போட்டுட்டு ஓடி வர வேணாம். நூறு வருஷம் அப்படியே நிக்கும், பாரேன்."

எதுவிஹெஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்போ அடுத்த சான் ஹுவானுக்கு?"

"பாக்கலாம்மா."

நாள் முழுக்க அவள் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குளத்தின் அடிப்பகுதி மாதிரி வழவழவென்று பூசி முடித்தான். சாயங்காலம் அவள் எழுந்து வந்து மூலையில் தன் கையை வைத்து அழுத்தினாள். சிமெண்ட் அதற்குள் இறுகிவிட்டது. தடம் விழவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். அடுத்த சான் ஹுவானைப் பார்க்காமல், பனிக்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். சுவர் ஓரத்திலேயே, தன் பங்குக்கு நேர் கீழே புதைக்கச் சொன்னாளாம். புதைத்தது திரான்சித்தோவும் இன்னும் சிலரும்.

இப்போது அந்தச் சுவர் அவள் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. கோயிலைச் சீர்ப்படுத்த எர்மோசியோ நகரத்திலிருந்து ஒரு கட்டடக்கலைப் பெண் வந்திருந்தாள், பெரெனிஸ் என்று பெயர். சான் ஹுவானுக்கு முந்தைய நாள் அந்தச் சிமெண்டை உடைக்கப்போவதாகவும், குடும்பத்து ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றும் சொல்லியிருந்தாள். கிளம்பும் முன் நபோர் தன் மகளையும் கூப்பிட்டுப் பார்த்தான். யாதிரா டூசானிலேயே பிறந்து வளர்ந்தவள். எல் போசோவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

"யாருக்காவது காசு குடுத்து ஆள் வெச்சுச் செய்யுங்களேன்ப்பா. அந்தப் பொட்டக் காட்டுக்கு நான் வந்து என்ன பண்ணப்போறேன்?" என்றாள்.

அவன் அழைப்பைத் துண்டித்துவிட்டான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளைக் கண்டிப்பான்?

ஊருக்குள் வண்டி நுழைந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை. குரைக்க நாய் வேண்டுமே! அவன் வீட்டுக் கூரை உள்வாங்கிக் கிடந்தது. கதவு இருந்த இடத்தில் ஒரு முள்மரம் வளர்ந்திருந்தது. திரான்சித்தோ வீட்டில் விளக்கு இல்லை. நடுராத்திரியில் கிழவியை எழுப்பித் திட்டு வாங்குவதைவிட வண்டியின் பின்பக்கத்திலேயே படுத்துக்கொள்வது மேல் என்று கோயில் ஓரமாக வண்டியை நிறுத்தினான். எஞ்சின் நின்றது. ஓசை என்பதே இல்லை. இந்தப் பாலைவனத்தின் அமைதி உங்களுக்குத் தெரியாததா... காதுக்குள் நம் ரத்தம் ஓடுவதே கேட்கும். இந்த ஊரில் மகனே என்று கூப்பிட இனி ஒருத்தி இல்லை என்பது அந்த நிமிடத்தில்தான் அவனுக்கு உறைத்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தான்.

அப்போதுதான் வாசனை வந்தது.

ஈர மண். அதோடு ஊறிய வைக்கோல். அதோடு கள்ளியின் பச்சை வாடை. ஜூன் மாதம்... மழை பெய்து எத்தனையோ மாதம்... கிணற்றில் வாளி முட்டினால் கல் சத்தம்தான் கேட்கும். ஈர மண் எங்கிருந்து வரும்?

எழுந்து உட்கார்ந்தான்.

ஷ்ர்ர்ர்... ஷ்ர்ர்ர்... 

கை சுவரைத் தேய்க்கிற சத்தம். அந்தச் சத்தத்தில்தான் அவன் வளர்ந்தான், தவறாகக் கேட்க வழியே இல்லை. நீளமாக ஒரு இழுப்பு. பிறகு அப்பியதை அழுத்தும் மெத்தென்ற ஒரு தட்டு. மறுபடி இழுப்பு.

'திரான்சித்தோ கிழவிக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. தன் பங்கைப் பூச ஆரம்பித்துவிட்டாள்' என்று நினைத்துக்கொண்டு டார்ச் விளக்கோடு இறங்கினான். கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினான். யாரும் இல்லை. மற்றவர்களின் பங்கெல்லாம் வருடக்கணக்கில் யாரும் தொடாமல் கரைந்து, மண்கல் பல்லிளித்துக்கொண்டு காய்ந்து கிடந்தது. தன்னுடைய பங்குக்கு வந்தான். சாம்பல் நிறச் சிமெண்ட். நடுவில் உப்பலாக வெளியே தள்ளியிருந்தது. அதன் அடியில் அம்மாவின் சிலுவை.

சத்தம் இங்கேதான் கேட்டது. ஆனால் இங்கே யாரும் இல்லை.

சிமெண்டில் கை வைத்தான். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் நடுராத்திரியிலும் சுட வேண்டும். இது சில்லென்று இருந்தது. மெல்லக் காதை வைத்தான்.

ஷ்ர்ர்ர்... 

உள்ளே.

சிமெண்டுக்கு அந்தப் பக்கம், அவன் காதிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில், ஒரு கை தேய்த்துக்கொண்டே இடமிருந்து வலமாகப் போனது. அவன் அசையவில்லை. அசைய முடியவில்லை. சத்தம் கீழே போகும், மேலே வரும். அவன் தலை உயரம்வரை வரும். அதற்கு மேலே ஏறாது. அங்கே ஏதோ முயற்சி செய்வதுபோல் ஒருமுறை... இரண்டுமுறை... நகம் உரசுகிற மாதிரி. பிறகு இறங்கிவிடும்.

கடைசியில் மூலைக்குப் போய் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

தப்.

ஒரே ஒரு அறை. உள்ளங்கை விரித்துப் பதிக்கிற சத்தம்.

"அம்மா?" என்றான் நபோர்.

பதில் வந்திருந்தால்கூட அவன் பயந்துபோய் ஓடியிருப்பான், அதோடு முடிந்திருக்கும். பதில் வரவில்லை. யாரோ தன் பக்கத்தில் இடம் விட்டுக் காத்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு அமைதி. அவன் அவள் சமாதிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஐம்பது வயது ஆம்பிளை, விடியும்வரை தேம்பித் தேம்பி அழுதான். இதை எலியோதோரோவிடம் அவனே சொன்னான், வெட்கப்படாமல்.

காலையில் திரான்சித்தோ காப்பியோடு வந்தாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"வந்துட்டியா தொரை? ஏன் இப்படிப் பேயறைஞ்சவன் மாதிரி மூஞ்சி?"

"பெரியம்மா... ராத்திரி நீங்க இந்தப் பக்கம் வந்தீங்களா?"

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டு பகல்லயே நான் வாசப்படி தாண்ட மாட்டேன். ராத்திரி வந்து உனக்குத் தாலாட்டு பாடினேனாக்கும்?" என்றவள், சுவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கேட்டுச்சா உனக்கும்?"

அவன் தலையாட்டினான். அவள் காப்பியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பெரெனிஸ் இரண்டு கூலியாட்களோடு வந்தாள். சுவருக்கு மரத்தூண் முட்டுக்கொடுத்துவிட்டு, மேலிருந்து சிமெண்டைத் தட்டச் சொன்னாள். கோழிவலையோடு ஒட்டிக்கொண்டு அது பாளம் பாளமாக வந்தது. மேல் பாதியில் மண்கல் பொடிப்பொடியாகக் கொட்டியது. கீழ்ப் பாதிப் பாளத்தை இரண்டு பேருமாகப் பிடித்து இழுத்தார்கள். அது 'சளக்' என்று பிரிந்து வந்தது. சேற்றிலிருந்து காலை உருவுகிற சத்தம்.

உள்ளே மண் ஈரமாக இருந்தது. கரேலென்று... புதிதாகப் பூசியது மாதிரி. அலை அலையாக உள்ளங்கை போன வரிகள். அந்த வரிகள் நபோரின் தலை உயரம்வரை இருந்தன. அதற்கு மேலே வெறும் சிதிலம்.

"பயப்படாதீங்க, இது எல்லாக் கோயில்லயும் நடக்கிறதுதான்" என்றாள் பெரெனிஸ். நல்ல பெண், அவள் வேலை அவளுக்குத் தெரியும். "மண்சுவரு மூச்சு விடணும். சிமெண்ட் போட்டா ஈரம் வெளிய போக வழி இல்ல. தரையிலேந்து ஏறி, ஒரு மட்டத்துல நின்னுடும். இதுதான் அந்த மட்டம்."

"இது எங்கம்மாவுக்குக் கை எட்டுற மட்டம்" என்றான் நபோர்.

அவள் அதற்குப் பதில் சொல்வதற்குள் கூலியாட்களில் ஒருவன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். மூலையில் கைத்தடங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, தரையிலிருந்து வரிசையாக மேலே ஏறிக்கொண்டு போயின. எல்லாம் ஒரே கை. சின்னக் கை. மோதிர விரலின் நுனி இல்லாத கை. எதுவிஹெஸுக்கு அந்த விரல் கிணற்றுக் கப்பியில் சிக்கிப் போனது ஊருக்கே தெரியும். ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் இன்னொரு கை வைக்கிற அளவுக்கு இடம் மழமழவென்று தேய்த்து விடப்பட்டிருந்தது. காலியாக.

"சிமெண்டுக்கு முன்னாடி பதிச்சதா இருக்கும்..." என்று பெரெனிஸ் இழுத்தாள். அவள் குரலில் பிடிப்பு இல்லை.

"அப்படியிருந்தா ரெண்டு கையில்ல இருக்கணும்?" என்றாள் திரான்சித்தோ. "அப்போல்லாம் இவன் வந்துக்கிட்டுதான இருந்தான்!"

கடைசித் தடம் பளபளத்தது. அதன் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு நீர் மெதுவாக வழிந்தது.

பெரெனிஸ் ஒருவழியாகச் சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள். "அடியில கெட்டுப்போன கல்லையெல்லாம் நாங்க மாத்திடுறோம். அப்புறம் வருஷா வருஷம் எங்க ஆளுங்களே வந்து பூசிடுவாங்க. இனிமே நீங்க யாரும் இவ்வளவு தூரம் வர வேணாம், ஐயா."

நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நபோர் அம்மாவின் சிலுவையைத் திரும்பிப் பார்த்தான். அது அவன் அம்மாவிடம் சொன்ன வார்த்தை.

"வேணாங்க. எங்க பங்க நான் பூசிக்கிறேன்" என்றான்.

மூலையில் இருந்த தடங்களை மட்டும் தொடாமல் அவர்கள் கல் மாற்றி முடித்த பிறகு அவன் மண் சலித்தான், கள்ளி ஊறவைத்தான், தகர உருளையைத் தேடி எடுத்து உருட்டி வந்தான். மேல் பாதியை வெறுங்கையால் பூசினான். சிமெண்டில் ஊறிய கை அது, மண் சொன்னபடி கேட்கவில்லை. சாயங்காலம் இறங்கி வந்து, காலி இடம் ஒவ்வொன்றிலும் தன் கையைப் பதித்தான். ஒன்று விடாமல். கடைசித் தடத்துக்குப் பக்கத்தில் கையை வைத்தபோது மண் வெதுவெதுப்பாக இருந்ததாம்.

அன்றிலிருந்து வருடம் தவறவில்லை. சுவர் நிமிர்ந்து நிற்கிறது. எலியோதோரோ ஒருமுறை அவனோடு போயிருந்தான். நபோர் மேலே மட்டும் பூசினானாம். கீழே கையே வைக்கவில்லை. "ஏன் சித்தப்பா, கீழ யாரு பூசுவா?" என்று இவன் கேட்டதற்கு, "நீ போய்ப் படு" என்று மட்டும் சொன்னானாம். காலையில் எழுந்து பார்த்தால் கீழ்ப் பாதியும் ஈரமாக மின்னியது. மூலையில் ஒரு சின்னக் கை. பக்கத்தில் காலி இடம். நபோர் போய்த் தன் கையை வைத்தான். இப்படித்தான் ஒவ்வொரு வருடமும். பயம்கூட விட்டுப்போய்விட்டது அவனுக்கு. அம்மாவைப் பார்க்க வருகிறவன் மாதிரிதான் வருவான், ரொட்டியும் காப்பித் தூளும் வாங்கிக்கொண்டு.

போன வருடம் வரை.

போன வருடம் அவன் முழங்காலில் அடி. தகர உருளையில் ஏற முடியாது. கூட ஒரு ஆள் வேண்டும். யாதிராவைக் கூப்பிட்டான். கெஞ்சினான் என்றே சொல்லலாம். அவள் சிரித்தாள். "அடம் புடிக்காதீங்கப்பா. நீங்களும் இனிமே போக வேணாம். நான் ஆன்லைன்ல ஆள் பாத்து அனுப்புறேன். நல்ல மெட்டீரியலா போடச் சொல்றேன்."

தனியாகத்தான் வந்தான். காலை இழுத்து இழுத்து ஏணியில் ஏறி, பாதிதான் பூச முடிந்தது. இருட்டிவிட்டது. "மன்னிச்சுக்கம்மா, மேல ஆள் இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

விடிந்தது. எழுந்து போனான்.

சுவர் முழுக்கப் பூசியிருந்தது. கீழேயும். மேலேயும்.

மூலையில் அம்மாவின் கை. பக்கத்தில் அவனுக்கான காலி இடம். அந்தக் காலி இடத்துக்கு அந்தப் பக்கம்... மூன்றாவதாக ஒரு கை. ஒல்லியான நீள விரல்கள். கட்டை விரலைச் சுற்றி மோதிரம் அழுந்திய தடம். கட்டை விரலில் மோதிரம் போடாதே, பார்க்க நன்றாக இல்லை என்று அவன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்.

சட்டைப் பையில் செல்பேசி அடித்தது. டூசான் எண்.

"அப்பா..." யாதிராவின் குரல். பின்னால் குழாய் திறந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம். "எங்க இருக்கீங்க? அப்பா, என் கை பூரா மண்ணு. ராத்திரிலேந்து தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவறேன், வந்துக்கிட்டே இருக்கு..."

நபோர் அந்த மூன்றாவது தடத்தைத் தொட்டான், விரலில் ஈர மண் ஒட்டிக்கொண்டது.

"காயவே மாட்டேங்குதுப்பா."